கண்வலிக் காட்டுக்கு வந்த ஒறம்பரை

கண்வலிக் கெழங்குன்னு வாயெடுத்ததுமே நீங்கெல்லாம் சித்த நிமிந்து உக்காருவீங்கன்னு தெரியும், ஒரு மருமவ மோருக்குள்ள என்னமோ கலந்துருப்பா, கிணத்து மேட்டுல ஒரு பொணம் கெடக்கும், பொறகால போலீசு ஜீப்பு வரும்னு வரிசை கட்டி எதிர்பாத்துக்கிட்டு. இல்லாட்டி உங்கள்ல சினிமாக் கிறுக்குப் புடிச்ச ஆளுக, செவப்பும் மஞ்சளுமா அடுப்புத் தீயாட்ட எரியுதே அந்தச் செங்காந்தள் பூவு, அதைக் கொண்டையில சொருகிக்கிட்டு ஒரு புள்ள வரப்பு மேல பாடிக்கிட்டு வரும்னு வாயைத் தொறந்துக்கிட்டு இருப்பீங்க. ரெண்டும் வராதுங்க. பொணம் கட்டாயம் வேணும்ங்கறவங்க கடைசி வரைக்கும் உக்காருங்க, ஒண்ணு கெடைச்சாலும் கெடைக்கும், ஆனா அது நம்மூரு ஆளு இல்ல.

நொச்சிவலசுல பாவாத்தான்னு ஒருத்தி, வயசு நாப்பத்தி நாலு. கையும் சுத்தம், வாயும் சுத்தம், ஆனா தொண்டைக்குள்ள மட்டும் நாலு ஊரு சனம் குடியிருந்துச்சு. டவுன் பஸ் கண்டக்டராட்டப் பேசுவா, தோட்டத்துக்காரரு சென்னியப்பனாட்ட இருமுவா, அவரு வீட்டு மோட்டாரு கரண்டு வந்ததும் ஒரு தும்மல் தும்மி ஓடும் பாருங்க, அதைக் கூடச் செஞ்சு காட்டுவா. எந்த எடத்துல நிறுத்துனா எதிராளி சிரிப்பான்னு அவளுக்குத் தெரியும், அந்த எடத்துல கரெக்டா நிறுத்தி, ஒண்ணுமே தெரியாதவளாட்ட வானத்தைப் பாப்பா.

அவளுக்கு வேலை பூ தொடறது. கண்வலிச் செடிக்கு ஒரு கொணம் உண்டுங்க. மத்த பூவெல்லாம் காத்து வந்தாலும் சரி வண்டு வந்தாலும் சரின்னு கெடக்கும், இது ஆறு இதழையும் மேல தூக்கி மடிச்சுக்கிட்டு, மகரந்தமெல்லாம் ஒரு பக்கம் விரிஞ்சு நிக்க, நடுவால இருக்கற தண்டு மட்டும் கோவிச்சுக்கிட்டவ மொகத்தைத் திருப்புனாப்புல இன்னொரு பக்கம் மடங்கிக்கிட்டு நிக்கும். ரெண்டையும் சேத்து வெக்க மனுசங்க வேணும். அதனால பொரட்டாசியில இருந்து மார்கழி வரைக்கும், வெடிஞ்சதும் பொம்பளைக கம்பிப் பந்தலுக்குள்ள வரிசையா எறங்கி, ஒரு பூவு மகரந்தத்தைக் கிள்ளி அடுத்த பூவு தண்டு நுனியில ஒத்தி ஒத்தி விடுவாங்க, வெயில் ஏர்ற வரைக்கும். கையைக் கண்ணுக்கிட்டக் கொண்டு போகமாட்டாங்க, சோத்துக்கு முந்தி மூணுவாட்டி சோப்புப் போடுவாங்க, ஏன்னா அது கண்ணுக்கு வலி, வயித்துக்கு விஷம்னு அவங்களுக்குத் தெரியும். காய் முத்துனா ஏவாரி வருவாரு, விதையை மூட்டை கட்டுவாரு, வெளிநாடும்பாரு, மருந்தும்பாரு, போயிருவாரு. என்ன மருந்து, ஆரு சாப்புடறாங்கன்னு இருவது வருசமா ஒருத்தரும் கேக்கல, அவரும் சொல்லல.

பாவாத்தா புருசன் ஆறுச்சாமி பால்வண்டி டிரைவரு. அந்த வருசம் ஆவணியில அவரோட வலது காலு பெருவெரலு ஒரு நாள் காத்தால பழுத்த தக்காளியாட்ட வீங்கி எந்திரிச்சுது. போத்தியிருந்த துண்டு பட்டா உசுரு போகுது, ஈ உக்காந்தா கத்தறாரு, ஃபேன் காத்துப் பட்டாக் கூட வலிக்குதுன்னு அந்தப் புழுக்கத்துலயும் ஃபேனை நிறுத்திப்போட்டு வேர்த்து ஊத்திக்கிட்டுப் படுத்துருப்பாரு. பிரேக்கு மிதிக்கற வெரலு அது. தை பொறந்தா வண்டிக்கு வேற ஆளைப் போட்டுருவம்னு பால் கம்பெனியில சொல்லி அனுப்பிட்டாங்க. இருவத்தி ரெண்டு வருசமா அந்த வண்டிச் சத்தத்துக்குத்தான் அவரு எந்திரிப்பாரு, அந்தச் சத்தம் இல்லாமப் படுத்துக் கெடந்த மனுசனுக்காக பாவாத்தா சாயங்காலம் சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, பால்வண்டி கிளம்பற சத்தத்தைத் தொண்டையில போட்டுக் காட்டுவா, மொத கியரு, ரெண்டாவது கியருன்னு.

இப்படி இருக்கையிலதான், பொரட்டாசி மூணாம் சனிக்கிழமை, பாவாத்தா ரெண்டாவது வரிசையில ஒரு பூவைத் தொட்டா, பூவு பெருமூச்சு விட்டுச்சு. ‘ஸ்ஸ்… ஹா… ஆ…’ன்னு, நாள் முச்சூடும் இறுக்கமான செருப்புப் போட்டு நின்ன ஆளு வீட்டுக்கு வந்து கழட்டி வீசுனா விடுவாரு பாருங்க, அந்தப் பெருமூச்சு.

"ருக்குமணி, என்ன அதுக்குள்ள களைச்சுப் போயிட்ட?" ன்னா பாவாத்தா.

"நானு வாயே தொறக்கலக்கா. நீதான் ஆரையோ பண்ணிக் காட்டறன்னு பாத்தேன்."

அடுத்த பூவைத் தொட்டா, அதுல ஒரு கொழந்தை, அழுது முடிச்சுத் தேம்பி, தேம்பலு கொறைஞ்சு, அப்படியே தூங்கிப்போச்சு. அதுக்கடுத்த கொடியில ஒரு பொம்பள என்னமோ ஒரு பாசையில மூணு வார்த்தை சொல்லிப்போட்டுச் சிரிச்சா. பத்து மணிக்குள்ள காட்டுல இருந்த அத்தனை பொம்பளைகளும் கேட்டுட்டாங்க. ஆரும் ஓடல, ஆரும் மயங்கி விழல. தோட்டத்துக்காரரு சென்னியப்பன் வந்து, ஒரு பூவுகிட்டக் காதைக் குடுத்து, ரெண்டு வாட்டி இருமி, ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"காய் புடிக்குமா?"

"புடிக்குமுங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

"அப்பப் பேசிட்டுப் போகட்டும்."

வெவசாய ஆபீசுல இருந்து ஒருத்தரு வந்து, கொடியை அளந்து, மண்ணை மோந்து, நோட்டுல ‘சத்தம் உள்ளது’ன்னு எழுதி, எதுக்கும் வேப்பெண்ணெய் அடிங்கன்னு சொல்லிப்போட்டு ஒரு எளநி குடிச்சுட்டுப் போனாரு. வேப்பெண்ணெய் அடிச்ச அன்னிக்கு ரெண்டு கொடி தும்முச்சு, மத்தபடி ஒண்ணும் ஆகல.

என்ன பேசுதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சது சவுதியில எட்டு வருசம் பைப்பு வேலை பாத்துட்டு வந்த துரைசாமிதான். அஞ்சாவது வரிசையில ஒரு கொடி ‘ஷுக்ரன், ஷுக்ரன்’னு சொல்றதைக் கேட்டுப்போட்டு அந்த மனுசன் வரப்புலயே உக்காந்துட்டாரு. "அது அரபிங்க. நன்றிங்குதுங்க," ன்னாரு. "எட்டு வருசம் அந்த ஊருல குழாய் மாட்டுனனுங்க, ஒருத்தரும் என்னைப் பாத்து அந்த வார்த்தை சொன்னதில்ல. இங்க வந்து சொல்லுது பாருங்க."

எதுக்கு நன்றின்னு தெரிஞ்சது அடுத்த வாரம். பாவாத்தா ஆறுச்சாமியை ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனா. ரத்தம் எடுத்துப் பாத்த டாக்டரம்மா, யூரிக் ஆசிட் உப்பு மூட்டுல படிஞ்சுருக்குது, கிட்னியும் சித்தப் பலவீனமா இருக்குதுன்னு சொல்லி, கடுகை விட ரவ்வோண்டு பெருசா ஒரு மாத்திரையைக் காட்டி, எந்த ஊருன்னு கேட்டாங்க. நொச்சிவலசுன்னதும் சிரிச்சாங்க.

"கண்வலி வெக்கற ஊருதானே? இந்த மாத்திரையே உங்க காட்டு விதையில இருந்து எடுக்கறதுதான். வீங்குன மூட்டுக்குத் தர்றோம். சில நாட்டுல கொழந்தைகளுக்குப் பரம்பரையா ஒரு காய்ச்சல் வரும், வயித்து வலியோட திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும், அதுக்கு இதுதான் கதி. இருதயத்தைச் சுத்தியிருக்கற உறை வீங்குனாக் கூடத் தர்றோம்."

பாவாத்தா அந்த மாத்திரையை உள்ளங்கையில வெச்சுப் பாத்தா. இருவது வருசமாத் தொட்ட பூவெல்லாம் சேந்து இத்துனூண்டா ஆயிருச்சா.

"ஆனா கேளுங்க, உங்க வீட்டுக்காரருக்கு அரை மாத்திரைதான். கிட்னி சரியில்லாதவங்களுக்கு இது ஒடம்புக்குள்ள சேந்துக்கும். வயிறு போனா, வாந்தி வந்தா, உடனே நிறுத்திப்போட்டு இங்க வரோணும். வேற எந்த மாத்திரை போட்டாலும் என்னைக் கேட்டுட்டுப் போடுங்க. வலி கொறையலைன்னு ஒண்ணு ரெண்டு சேத்துப் போட்டுக்கறது இதுல ஆகாது. மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவுல நூலு கனம் எடந்தான் இருக்குது."

"சரீங்க," ன்னு தலையாட்டுனா பாவாத்தா. வர்ற வழியில ஆட்டோவுலயே டாக்டரம்மா கொரல்ல அத்தனையும் திருப்பிச் சொல்லிக் காட்டுனா. கொரலு அச்சு அசலா இருந்துச்சு. கொரலு அச்சு அசலா வந்துட்டா வார்த்தை உள்ள எறங்கிருச்சுன்னு அவளும் நெனச்சா, ஆட்டோக்காரரும் நெனச்சாரு.

சேதி ஊருக்குள்ள வந்ததும் சனம் தலைகீழா மாறிப்போச்சுங்க. நம்மு காட்டுக்கு வந்து போறது பேயில்ல பூதமில்ல, நம்மு விதையில சீக்குத் தீரப் போற சனம், வரப்போற நல்லதுக்கு முன்னக்கூட்டியே நன்றி சொல்லிட்டுப் போகுதுன்னு ஆயிருச்சு. இந்தப் பக்கத்துல ஒறம்பரைன்னா, விருந்தாளின்னா, வெறும் வாயோட அனுப்பற பழக்கம் கெடையாது. நன்றின்னு ஒருத்தர் சொன்னா அதுக்குப் பதில் வார்த்தையும் கெடையாது, ‘இருக்கட்டுங், சாப்பிட்டுப் போங்க’ங்கறதுதான் பதிலு. அதனால பொம்பளைக பூவைத் தொட்டு, அது பெருமூச்சு விட்டு, தெரியாத பாசையில ரெண்டு வார்த்தை சொன்னதும், ‘இருக்கட்டுங், சாப்பிட்டுப் போங்க’ன்னு சொல்லிப்போட்டு அடுத்த பூவுக்குப் போனாங்க, ரெண்டு ஏக்கர் காட்டுல, தெனமும் காத்தால, பந்தலு நெறைய ‘சாப்பிட்டுப் போங்க, சாப்பிட்டுப் போங்க’ன்னு, கலியாண மண்டபம் தோத்துச்சு. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு ஆளுன்னு புரிஞ்சதும் மொறை வெச்சாங்க. தேம்பித் தூங்கற கொழந்தைக்குப் பேரு சின்னக்குட்டி, அது தூங்கறப்ப அந்த வரிசையில ஆரும் சத்தமாப் பேசக் கூடாது. அஞ்சாவது வரிசை அரபிக்காரரு துரைசாமிக்கு மச்சான். பொம்பளைகளுக்கு முதுகுவலி கொறைஞ்சுபோச்சு, நெசமாத்தானுங்க, நன்றி கேட்ட முதுகு நிமிந்துதான் நிக்கும்.

பாவாத்தாளுக்கு ரொம்பப் புடிச்சது நாலாம் வரிசைக் கடைசியில இருந்த கொடி. ஒரு பெரிய மனுசன், பெருமூச்சு விட்டுப்போட்டு சன்னமா ஒரு விசில் அடிப்பாரு, பாட்டு ஒண்ணோட மொத அடியை மட்டும். விசில் மாமான்னு பேரு வெச்சா. மொதல்ல அவரு காத்தால ஒருவாட்டிதான் பெருமூச்சு விடுவாரு. ஐப்பசியில அது ரெண்டுவாட்டி ஆச்சு. பொறவு மூணு, அப்பறம் நாலு. "பாரு, மாமனுக்கு நம்மு மேல எத்தனை பாசம்," ன்னு பொம்பளைக பூரிச்சுப் போனாங்க. ஒரு நாள் விசில் வரல. ‘எக்… எக்… ம்மே…’ன்னு தொண்டைக்குள்ள இருந்து மூணுவாட்டி என்னமோ சொன்னாரு. துரைசாமி வந்து கேட்டுப்போட்டு, "இது எனக்குத் தெரியலீங், குளிரு தேசத்துப் பாசையா இருக்கும்," ன்னாரு. அடுத்த நாள்ல இருந்து அந்தக் கொடி ஒண்ணுமே சொல்லல. பூவு பூத்துச்சு, காய் புடிச்சுது, சத்தம் மட்டும் இல்ல.

"குணமாயிட்டாரு, வேற என்ன," ன்னா ருக்குமணி. "சீக்குத் தீந்தவரு எதுக்குப் பெருமூச்சு விடறாரு?"

அது சரியாத்தான் பட்டுச்சு. விசில் மாமன் குணமானதுக்கு அன்னிக்குக் காடு முச்சூடும் கடலை உருண்டை குடுத்தாங்க. கிளுவை முள்ளு வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளாடு மேய்க்கற மாரப்பனுக்கும் வேலிக்கு மேலால ஒண்ணு நீட்டுனாங்க.

மாரப்பன் வாங்கித் தின்னாரு, ஆனா மொகம் கோணலாத்தான் இருந்துச்சு. போன வருசம் களத்துல காயப்போட்ட விதையை அவரோட செவலை ஆடும் அதும் குட்டியும் தின்னு செத்துப்போச்சுன்னு அவரு சொல்லாத ஆளில்ல. ஆரும் ஒத்துக்கல. "வேலிக்குள்ள பூந்து கெழங்கை நோண்டித் தின்னுருக்கும். கெழங்குதான் விஷம். விதை மருந்துல்ல?" ன்னு சென்னியப்பன் இருமிக்கிட்டே சொல்லிப்போட்டாரு. நன்றி வர ஆரம்பிச்ச பொறவு அந்தப் பேச்சுக்கு இன்னும் வலுக் கூடிப்போச்சு. இத்தனை தேசத்துச் சனம் நன்றி சொல்ற விதை எப்படிங்க ஆட்டைக் கொல்லும்?

கார்த்திகையில ஒரு நாள், கிணத்து மேட்டை ஒட்டி மொத வரிசையில புதுசாப் பூத்த கொடியை பாவாத்தா தொட்டா. ‘ஸ்ஸ்… அப்பாடா’ன்னு தமிழ்ல வந்துச்சு. தமிழ்லயும் நம்மு பேச்சு. ‘பாவாத்தா, அந்த ஃபேனைப் போடு.’

அவ கையில இருந்த மகரந்தம் கீழ விழுந்துச்சு. ஊரு சனத்துக் கொரலையெல்லாம் பண்ணுறவளுக்குத் தன் புருசன் கொரலு தெரியாதா? அவ ஒருத்தருக்கும் ‘சாப்பிட்டுப் போங்க’ன்னு சொல்லல அன்னிக்கு. அந்தக் கொடியைப் புடிச்சுக்கிட்டு நின்னா, ‘இருக்கட்டு மாமா, இருக்கட்டு மாமா’ன்னு அதுகிட்டச் சொல்லிக்கிட்டு, வெயில் நடுமண்டைக்கு வர்ற வரைக்கும்.

அப்பறம் ரோசிச்சா. ரோசனையில ஒரு குத்தமும் இல்லைங்க, பண்ணையம் பண்ணறவங்க ரோசனை அப்படித்தான் போகும். ஒவ்வொரு கொடியும் அதோட விதையைத் தின்னு குணமாகப் போற ஆளு கொரல்லதான் பேசுது. இந்தக் கொடி என்ற மாமன் கொரல்ல பேசுது. அப்ப இந்த விதை அவருக்குத்தான். நம்மு காட்டுல வெளைஞ்சதை ஏவாரி தூக்கிக்கிட்டுப் போயி, கப்பல் ஏத்தி, கடுகாட்டச் சுருக்கித் திருப்பிக் கொண்டாந்து, அதுலயும் பாதின்னு டாக்டரம்மா கையில குடுக்க வெச்சு, அதை நாம எதுக்கு வாங்கித் திங்கோணும்? ஆறுச்சாமியும் அதையேதான் சொன்னாரு. "அரை மாத்திரை என்னத்தைப் புடிச்சு நிறுத்தும்? தை பொறக்குது, வண்டி போயிருமல்ல?" ன்னாரு. ஊரும் அதையேதான் சொல்லுச்சு. ஆனாலும் அவரு அரை மாத்திரையை ஒரு நாளும் விடல, பாவாத்தா விடவிடல.

தை பொறக்க ரெண்டு நாள் இருக்கையில மொதக் காய் பறிப்பு. காட்டுல பொங்கலு வெக்கறது வழக்கம். அன்னிக்குக் காத்தால கிளம்பற அவசரத்துல பாவாத்தா தலைவாரிக்கிட்டு இருக்கறப்ப, கட்டில்ல இருந்து ஆறுச்சாமி, "பாவாத்தா, அந்த ஃபேனைப் போடு, கொசு புடுங்குது," ன்னாரு. அவ போட்டா, போட்டுப்போட்டு, அவரு கொடியோட காயை உரிக்கப் போயிட்டா. ஃபேன் பாட்டுக்குச் சுத்துச்சு, காலு பாட்டுக்குக் காத்துல கெடந்துச்சு, ஒருத்தரும் கத்தல. வலி போயிருச்சுன்னு ரெண்டு பேருக்கும் தோணல. ஒரு மணி நேரம் கழிச்சு அவ திரும்பி வந்து கூப்புட, அவ தோளைப் புடிச்சுக்கிட்டு, ரெண்டு காலையும் மண்ணுல ஊணி, அவரு காட்டு வரைக்கும் நடந்தே வந்தாரு. அதையும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன மாரப்பனைத் தவிர ஆரும் பாக்கல. பாத்தவங்கெல்லாம் டம்ளரைத்தான் பாத்தாங்க.

டம்ளர்ல கருப்பட்டித் தண்ணி, அதுக்குள்ள அவரோட கொடி விதை. தேங்காய் ஒடைச்சாச்சு, பொங்கலு பொங்கியாச்சு, சென்னியப்பன் இருமி முடிச்சாச்சு. ஆறுச்சாமி டம்ளரைக் கையில வாங்கி, கிழக்கைப் பாத்து நின்னாரு.

"சித்த இருங்க மாமா," ன்னா பாவாத்தா. "சும்மா குடிக்கறதா? இந்த விதைக்கு நன்றி சொன்ன அத்தனை பேரும் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்பறம் குடிங்க."

சனம் கைதட்டுச்சு. அவ தாவணியாட்ட முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு, காட்டுக்கு வந்து போன ஒறம்பரையை ஒவ்வொருத்தராக் கூப்புட்டா. ரெண்டாம் வரிசைச் செருப்புக் கழட்டறவரு வந்தாரு. மூணு வார்த்தை சொல்லிச் சிரிக்கறவ வந்தா. துரைசாமியோட மச்சான் ‘ஷுக்ரன்’னாரு, துரைசாமி கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு, தொடைச்சப்பறம் ஐயோ கை கழுவலியேன்னு ஓடுனாரு, அதுக்கு ஒரு சிரிப்பு. சின்னக்குட்டி தேம்பித் தேம்பித் தூங்குச்சு, பாவாத்தா மூடியிருந்த கண்ணைப் பாத்துப் பொம்பளைக தன்னால கொரலைத் தாழ்த்திக்கிட்டாங்க. அத்தனை தேசத்து நன்றியும் ஒரு பொம்பள தொண்டையில இருந்து வந்து, அந்தக் கிணத்து மேட்டுல, காலு நொந்த ஒரு டிரைவரைச் சுத்தி நின்னுச்சு. ஆறுச்சாமிக்கு வாய் கோணி அழுகை வந்துருச்சு. "எனக்கு எதுக்கு புள்ள இத்தனை," ன்னாரு.

கடைசியா விசில் மாமன். அவரைக் கடைசிக்கு வெச்சுருந்தது பாவாத்தாளோட கணக்கு, ஏன்னா சிரிப்பு அங்கதான் வரும். பெருமூச்சு ஒண்ணு விட்டா, விசில் அடிச்சா. ரெண்டு விட்டா, மூணு விட்டா, நாலு விட்டா, சனம் சிரிக்க ஆரம்பிச்சுது. அப்பறம் விசிலை நிறுத்தி, கழுத்தை முன்னால நீட்டி, அவரு கடைசி நாள் சொன்னாரே, அதை உள்ளது உள்ளபடி எடுத்து வுட்டா.

‘எக்… எக்… ம்மே…’

வுட்டுப்போட்டு, எந்த எடத்துல நிறுத்தோணுமோ அந்த எடத்துல நிறுத்தி, வானத்தைப் பாத்தா. டம்ளர் ஆறுச்சாமி ஒதட்டுக்கிட்ட இருந்துச்சு. சிரிப்பு வர்றதுக்கு முன்னால ஒரு கண்ணு மூடித் தொறக்கற நேரம் எப்பவும் காலியா இருக்குமல்ல, அந்த எடத்துல, வேலிக்கு அந்தப் பக்கம் மேஞ்சுக்கிட்டு இருந்த வெள்ளாடு அத்தனையும் ஒண்ணா மெரண்டு பின்னால நகந்துச்சு. மாரப்பன் கிளுவை வேலியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நின்னாரு, முள்ளு குத்தறது கூடத் தெரியாம.

"அம்மிணி, டம்ளரைக் கீழ எறக்கச் சொல்லு, அது நன்றியில்ல," ன்னாரு. "என்ற செவலையும் குட்டியும் விதையைத் தின்னுபோட்டு இந்த வேலியோரத்துல கெடந்து போட்ட சத்தம் அது. அந்த மனுசன் குணமாயிப் போகல, அதிகமாத் தின்னு செத்துப்போயிட்டான், நாம அதுக்குக் கடலை உருண்டை தின்னுருக்கறோம்."